ரூம் இல்லை என்ற சிவப்புப் பட்டன்

நான் வேலை பார்த்த வெப்சைட் ஆபீஸை இப்போது நடத்துகிற ஷீபா என்னை வீடியோவில் பேசச் சொன்னாள். எனக்கு அது ஆகாது என்று சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டில் போட்டோக்காரர் வந்தால்கூட நான்கு பேருக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். "அப்போ எழுதியாவது தாங்கக்கா, புதுசா வந்திருக்க பிள்ளைங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

பிள்ளைகள் கேட்பது இதுதான். ஒரு காலத்தில் வெப்சைட்டில் எல்லாப் பட்டனும் ஜெல்லி மிட்டாய் மாதிரி மினுங்கும். பிறகு அது பழசு என்று எல்லாரும் தட்டையாக மாற்றிவிட்டார்கள். இப்போது திரும்பவும் அந்த மினுக்கத்தைக் கேட்கிறார்களாம். ஒரு படம்கூட வைக்காமல், வெறும் சிஎஸ்எஸ்ஸிலேயே அதை எப்படிச் செய்தீர்கள் என்று கேள்வி. சிஎஸ்எஸ் என்றால் வேறொன்றும் இல்லை, திரையில் எது எந்தக் கலரில், எந்த அளவில், எப்படி இருக்கவேண்டும் என்று மெஷினுக்கு எழுதிச் சொல்வது. அதற்கான வரிகள் நெட்டில் தேடினால் கொட்டிக் கிடக்கின்றன. நான் எழுத நினைப்பது அதை எனக்குச் சொல்லித்தந்தவரைப் பற்றியும், அந்த வேலையில் நான் எப்படித் தங்கினேன் என்பதைப் பற்றியும். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் எழுதுவது. பிழை இருந்தால் ஷீபா பார்த்துக்கொள்வாள்.

என் பெயர் பேச்சியம்மாள். ஊர் இலத்தூர். தென்காசியில் ஜெபராஜ் அண்ணாச்சி கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரஸ் வைத்திருந்தார். அங்கேதான் வேலைக்குச் சேர்ந்தேன். பத்திரிகையை மடிக்கவேண்டும், மேலே மினுங்குகிற பிள்ளையாரோ சிலுவையோ ஒட்டவேண்டும், ஓரத்தை நேராக வெட்டவேண்டும். பேச்சுக்கு அதிகம் இடமில்லாத வேலை, எனக்குப் பிடித்திருந்தது. சில வருசத்தில் பிரஸ் தொழில் இறங்கிவிட்டது. அண்ணாச்சி மெஷின்களை விற்றுவிட்டு, பஜாரில் மருந்துக்கடை மாடியை வாடகைக்குப் பிடித்து, கம்ப்யூட்டர் வாங்கிப்போட்டு, வெப்சைட் செய்துகொடுக்க ஆரம்பித்தார். பிரஸ்ஸில் இருந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் போனார்கள். என்னிடம், "நீ என்கூட வா தங்கச்சி. உனக்கு நேரா வெட்ட வரும்" என்றார்.

அங்கேயும் வெட்டுகிற வேலைதான் இருந்தது. அப்போதெல்லாம் மினுங்குகிற பட்டன் என்பது ஒரு படம். அதை முதலில் முழுசாக வரைந்து வைப்பார்கள். இடது ஓரத்தின் வளைவைத் தனியாக, வலது ஓரத்தின் வளைவைத் தனியாக, நடுவில் நூல் கனத்துக்கு ஒரு துண்டு என்று மூன்றாக வெட்டித் தரவேண்டும். நடுத்துண்டை வேண்டிய மட்டும் இழுத்துக்கொள்ளலாம், எழுத்து கூடக்கூடப் பட்டனும் நீளும். கொஞ்சம் பிசகினால் சேருகிற இடத்தில் வெள்ளைக்கோடு தெரியும். மவுஸ் பிடிக்கப் பழகியதுதான் சிரமம். கை மேஜையை விட்டு ஓடும், அம்பு எங்கேயோ நிற்கும். பழகியபின் வெட்டு என் கைக்குள் வந்துவிட்டது. இங்கிலீஷ் எழுத்து ஒவ்வொன்றாகத் தெரியும், சேர்த்து வாசிக்க வராது. வெட்டுவதற்கு அது தேவைப்படவில்லை.

எனக்கு ஒரு நாற்காலி தந்திருந்தார்கள். சுற்றுகிற நாற்காலி. வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி, அதில் என் வீட்டுக்காரர்தான் உட்காருவார். லோடு தூக்கி முதுகு போனவர். வீட்டில் நான் உட்காருவதென்றால் தரையில்தான், அதைக் குறையாகவும் நினைத்தது கிடையாது. ஆனால் காலையில் பஸ்ஸை விட்டு இறங்கி மாடி ஏறி அந்த நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் போட்டால், மனசுக்குள் ஒன்று நிமிரும். அதை எப்படிச் சொல்வது என்று இப்போதும் தெரியவில்லை. சுவரைப் பார்த்த இடத்தை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டாம் பாருங்கள்.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் ஒருநாளும் அடுத்தவர் மவுஸைத் தொட்டதில்லை. நாம் தப்பாகச் செய்துகொண்டிருந்தாலும் சரி, நேரம் போய்க்கொண்டிருந்தாலும் சரி, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். மூச்சு விடுகிற சத்தம்தான் கேட்கும். இது தப்பு என்ற வார்த்தையும் அவர் வாயில் வராது. "சரி, வாசல்ல போய் நின்னு ஒருக்கா பாரு" என்பார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் திரை தீப்பெட்டி அளவில் தெரியும். எழுத்து எதுவும் தெரியாது. கண்ணுக்கு முதலில் எது படுகிறதோ அது மட்டும் தெரியும். பெரும்பாலும் தப்பும் அங்கே தெரிந்துவிடும். திரும்பி வந்து உட்கார்ந்து சரிசெய்வோம்.

ஷீபா காலேஜ் முடித்து வேலைக்கு வந்த புதுசு. ஒருநாள், "இங்கன வாங்க எல்லாரும்" என்று கூப்பிட்டாள். திரையில் ஏதோ சில வரி எழுதினாள், பட்டன் வந்தது. வளைந்த மூலை, மினுக்கம், நிழல், எல்லாம் இருந்தது. படமே இல்லை. "இனி வெட்டவே வேண்டாம்" என்று அவள் சந்தோசத்தில் சொன்னாள். மற்றவர்கள் அவள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். நானும் போய்ப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, பாதி வெட்டிய பட்டனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணாச்சி பின்னால் வந்து நின்றார்.

"தங்கச்சி, வெட்டுத வேல இனி இருக்காது."

"ஆமா அண்ணாச்சி."

"மினுக்குத வேல இருக்கும்லா."

"அது இங்கிலீசுல்லா அண்ணாச்சி."

"பிரஸ்ல இங்கிலீசு பத்திரிகைக்கும் நீதான் சிலுவை ஒட்டுன. படிச்சிட்டா ஒட்டுன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. ஒளிக்காமல் சொன்னார். "சாரல் சீசன் வரப்போகு. சீசன் முடியுததுக்குள்ள உனக்கு இது கை வந்துட்டுன்னா இங்கனயே இரு. வரலன்னா எனக்குத் தெரிஞ்ச பைண்டிங்காரர் ஒருத்தர் இருக்கார், அவர்ட்ட சொல்லி வைக்கேன். தெருவுல விட்டுற மாட்டேன்." நல்ல மனுசர் சொல்கிற நல்ல வார்த்தைதான். பைண்டிங்கில் தரையில் உட்கார்ந்து பசை தடவவேண்டும். அதை இதற்குமுன் செய்தவள்தானே நான். ஆனாலும் அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு அந்த நாற்காலிதான் கண்ணுக்குள் நின்றது.

அண்ணாச்சி சொல்லித்தந்த முறை இது. ஷீபா எழுதிய பட்டனை முழுசாக என் திரையில் போட்டார்கள். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "ஒரு வரிய எடு. என்ன போச்சுன்னு சொல்லு" என்றார். எடுத்தேன், மூலை கூராகிவிட்டது. "மூல போச்சு." "திரும்பப் போடு. அடுத்ததை எடு." எடுத்தேன். பட்டன் திரையை விட்டு எழும்பி நின்றது போய், திரையோடு ஒட்டிக்கொண்டது. "நெழல் போச்சு." இப்படியே மேலிருந்து கீழ்வரை, கீழிருந்து மேல்வரை. வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. அது இல்லாவிட்டால் என்ன இல்லாமல் போகும் என்பது தெரிந்துவிட்டது. ஒவ்வொரு வரிக்கும் நானே ஒரு பெயர் வைத்துக்கொண்டேன்.

பட்டனுக்கு மினுக்கம் தருவது நான் கண்ணாடி வரி என்று சொல்கிற கிரேடியன்ட், ஒரு கலரை இன்னொரு கலராக மாற்றிக்கொண்டு போவது. மேலே வெளிர் சிவப்பில் தொடங்கி, நடுவுக்கு வரும்போது கொஞ்சம் அடர்த்தியாகும். சரியாக நடுவில் அந்தக் கலரை நிறுத்தி, அதே இடத்தில் இன்னும் அடர்ந்த சிவப்பைத் தொடங்கவேண்டும். இரண்டு கலருக்கும் நடுவில் இடைவெளி விட்டால் ஒன்றோடொன்று கரைந்து, வெறும் கலர் மாற்றமாகப் போய்விடும். முட்டினால்தான் கண்ணாடி. அடிப்பக்கம் போகப்போகத் திரும்பக் கொஞ்சம் வெளுக்கவேண்டும், வெளிச்சம் உள்ளே போய்த் தேங்கின மாதிரி. மேல் விளிம்பில் உட்பக்கமாக ஒரு வெள்ளை இழை, அது கூரை வரி. வெளியே கீழ்ப்பக்கம் நிழல் வரி. வெள்ளை எழுத்துக்கு மேலே ஒரு பொடிக் கறுப்பு நிழல் போட்டால் எழுத்து பதிந்த மாதிரி இருக்கும். விரல் வைத்து அமுக்கும்போது எல்லாம் தலைகீழாகும்: அடர்ந்தது மேலே போகும், நிழல் உள்ளே போகும், பட்டன் ஒரு மயிரிழை கீழே இறங்கும். தமிழ் எழுத்து என்றால் மேலும் கீழும் இடம் கூடுதலாக விடவேண்டும், இல்லாவிட்டால் கொம்பும் சுழியும் ஓரத்தில் இடிக்கும். கிரேடியன்ட் தெரியாத பழைய மெஷின்களுக்காக எல்லாவற்றுக்கும் முன்னால் வெறும் சிவப்பு என்று ஒரு வரி. பிள்ளைகளா, நீங்கள் கேட்டது இவ்வளவுதான்.

சீசனுக்கு முன்னால் ஏட்டையா வந்தார். போலீஸில் ஏட்டாக இருந்து ரிட்டையர் ஆனவர், ஐந்தருவி போகிற ரோட்டில் லாட்ஜ் வைத்திருந்தார். மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம்.

"என்னவே ஜெபராஜு. உம்ம வெப்சைட்ட நம்பி நான் லாட்ஜ் நடத்துதேன். அருவிப் பக்கம் சிக்னல் கெடையாது. ஆளுங்க ஈரத்துணியோட நின்னு போன நோண்டுதாங்க, பட்டன் வரவே மாட்டேங்கு. அந்த எடத்துல உடைஞ்ச சதுரம்லா வருது."

படம் இறங்கவில்லை. அந்தப் படத்தை வெட்டியவள் நான்தான்.

"படம் இல்லாமச் செஞ்சுருவோம் ஏட்டையா. பொசுக்குன்னு வரும்" என்றார் அண்ணாச்சி.

"மினுக்கம் கொறையக் கூடாது. பாத்தா அமுக்கணும்போல இருக்கணும். கொறஞ்சா நான் திருநெல்வேலியில வேற ஆளப் பாப்பேன்."

அண்ணாச்சி என் பக்கம் திரும்பி, "தங்கச்சி செய்யும்" என்றார். ஷீபாவிடம் கொடுத்திருந்தால் சாயங்காலத்துக்குள் முடித்திருப்பாள். அவளும் அதைத்தான் சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினேன்.

இரண்டு பட்டன் செய்யவேண்டும். காலி இருக்கும்போது பச்சையில் "ரூம் இருக்கு", நிறைந்துவிட்டால் சிவப்பில் "ரூம் இல்லை". எதை அமுக்கினாலும் ஏட்டையா போனுக்குக் கால் போகும்படி ஷீபா செய்துவைத்தாள். லாட்ஜ் நிறைந்ததும் அவர் ஆபீசுக்குச் சொல்வார், அவள் மாற்றிவிடுவாள். பச்சையை நான் சுமாராகத்தான் செய்தேன். சிவப்பு நன்றாக வந்துவிட்டது. மங்குஸ்தான் தோலைத் துடைத்து வைத்தால் ஒரு ஆழமான சிவப்பு வருமே, அந்தச் சிவப்பு. கண்ணாடி வரியை எத்தனையோ தடவை மாற்றிப்போட்டுப் பார்த்தேன். வாசலில் போய் நின்றால் அது மட்டும்தான் கண்ணில் படும். ஷீபாவே, "யக்கா, இது என்னதுக்கா, இப்படி ஜொலிக்கி" என்றாள். ஏட்டையா பார்த்து, "நக்கணும்போல இருக்கு" என்றார். அதற்குமேல் பாராட்டு எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சாரல் தொடங்கியது. லாட்ஜ் நிறைந்தது. சிவப்புப் பட்டன் ஏறியது. மறுநாள் ஏட்டையா செருப்புச் சத்தத்தோடு வந்தார். கையில் இருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது.

"கேளும்வே. ரூம் இல்லைன்னு எழுதி வச்சிருக்கு. அதையே அமுக்கி, ரூம் இருக்கான்னு கேக்கானுவ. குளிக்கப் போவ முடியல, சாப்பிட முடியல."

ஷீபா, "கேரளாக்காரங்க நெறைய வருவாங்கல்லா அங்கிள், தமிழ் தெரியாம அமுக்குதாங்க. இங்கிலீஷ்லயும் போட்டுருவோம்" என்றாள். போட்டோம். நானே எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன். அடுத்த நாளும் வந்தார்.

"கூடிப்போச்சு. இங்கிலீசு தெரிஞ்சவனும் சேர்ந்துட்டான். ராயகிரியிலேர்ந்து ஒரு தமிழ் வாத்தியார் கூப்பிடுதாரு. ஏன்வே, வாசிக்கலியான்னு கேட்டேன். வாசிச்சேன், இருந்தாலும் அமுக்கிப் பாப்போம்னு அமுக்குனேங்காரு."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பட்டன் என்னுடையது. சீசன் இன்னும் முடியவில்லை. அவர் திருநெல்வேலி என்ற வார்த்தையைத் திரும்பச் சொல்லவில்லை, அடுத்து அதுதான் வரும் என்று தோன்றியது. பைண்டிங் கடைப் பசை வாசனைகூட மூக்கில் வந்துவிட்டது.

அண்ணாச்சி ஏட்டையாவை என் மேஜைக்குக் கூட்டிவந்தார். "தங்கச்சி, நாற்காலிய ஏட்டையாவுக்குக் குடு. நீ பக்கத்துல ஸ்டூல் போட்டுக்க" என்றார். எழுந்து கொடுத்தேன். கொடுக்கும்போது, சரி இனி இது நமக்கு இல்லை என்றே நினைத்துக்கொண்டேன்.

"ஏட்டையா, அதுல என்ன எழுதிருக்குன்னு பாக்காதீரும். பட்டன மட்டும் பாரும். அமுக்கத் தோணுதா?"

"தோணுது."

அண்ணாச்சி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "தங்கச்சி, ஒரு வரிய எடு."

எந்த வரி என்று அவர் சொல்லவில்லை. நான் நிழல் வரியை எடுத்தேன்.

"இப்போ?"

"தோணுது."

கூரை வரியை எடுத்தேன். மூலையை உருட்டுகிற வரியை எடுத்தேன். ஏட்டையா கட்டைவிரலைத் திரைக்கு முன்னால் நீட்டியபடி யோசித்தார். "கொறஞ்சிருக்கு. ஆனாலும் லேசா ஒரு இது இருக்குவே."

மிச்சம் இருந்தது கண்ணாடி வரி. அத்தனை நாள் பாடுபட்டது அதற்குத்தான். அதை எடுத்துவிட்டால் அந்தப் பட்டனில் நான் செய்தது என்று ஒன்றும் இருக்காது. யார் வேண்டுமானாலும் போடக்கூடிய ஒரு கட்டம்தான் மிஞ்சும். கை நின்றுவிட்டது. அண்ணாச்சி பின்னாலேயே நின்றார். மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

எடுத்தேன். சிவப்பு மட்டும் மிஞ்சியது. அது நானாகச் செய்ததா, கை தானாகப் போனதா தெரியாது, அந்தச் சிவப்பையும் எடுத்துவிட்டுச் சாம்பல் கலர் போட்டேன்.

ஏட்டையா விரலை மடக்கிக்கொண்டார். "இது செவுருல்லா. செவுர எவன் அமுக்குவான்?" என்றவர் திரும்பி என்னைப் பார்த்தார். "ஏம்மா, அப்போ இவ்வளவு நாளா நீ அமுக்கு அமுக்குன்னு சொல்லிக்கிட்டு இருந்தது அந்த மினுக்கத்துலயா?"

"ஆமா ஏட்டையா" என்றேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

எழுத்து 'இல்லை' என்று சொன்னது, மினுக்கம் 'வா' என்று கூப்பிட்டது. எங்கள் யாருக்கும் அதுவரை அது தோன்றவில்லை, ஷீபாவுக்கும் தோன்றவில்லை, அண்ணாச்சிக்கும் வரி எடுக்க எடுக்கத்தான் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். சாம்பல் கட்டத்தை "ரூம் இல்லை"க்கு வைத்தோம். ஷீபா அதிலிருந்து கால் போவதையும் எடுத்துவிட்டாள். அந்த மங்குஸ்தான் சிவப்பில் இருந்த மினுக்கத்தை அப்படியே பச்சைக் கலரில் செய்து "ரூம் இருக்கு"க்குக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து ஏட்டையா போன் செய்தார். அண்ணாச்சி ஸ்பீக்கரில் போட்டார். "போனே வரமாட்டேங்குவே. ரிப்பேரோன்னு கடையில கொண்டு காமிச்சேன். காலையில ஒரு ரூம் காலியாச்சு, பச்சையப் போட்டீங்க, நான் போர்வைய மாத்துததுக்குள்ள ஆளு புக் பண்ணிட்டான். அந்த அம்மாட்ட சொல்லும்." அந்த அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகு முழுக்கக் காதாக இருந்தது.

அன்று சாயங்காலம் எல்லாரும் கிளம்பும்போது, அண்ணாச்சி வாசலில் குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டே சொன்னார். "பைண்டிங்காரர்ட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன் தங்கச்சி." அவ்வளவுதான். படியிறங்கிப் போய்விட்டார். சீசன் முடிய இன்னும் நாள் கிடந்தது.

அதன்பிறகு அந்த நாற்காலியில் எத்தனையோ வருசம் இருந்தேன். மினுக்கம் பழசாகி, எல்லாம் தட்டையாக மாறிய காலத்தில், இனி இந்த அக்காவுக்கு என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை. எடுக்கத் தெரிந்தவளுக்கு எடுக்கிற காலத்திலும் வேலை இருந்தது. மகளைக் கட்டிக்கொடுத்தேன். வீட்டுக்காரருக்கு வைத்தியம் பார்த்தேன். வீட்டுக்கு இரண்டாவதாக ஒரு நாற்காலி வாங்கினேன். கண் மங்க ஆரம்பித்ததும் நானே போதும் என்று சொல்லி வந்துவிட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. இதையெல்லாம் நினைத்தால் ஆண்டவன் எனக்கு ஒன்றும் குறை வைக்கவில்லை.

அண்ணாச்சி இப்போது மகனோடு நாகர்கோவிலில் இருக்கிறார். ஆபீஸை ஷீபா நடத்துகிறாள். போன மாதம் ஏட்டையாவின் மகள் வந்தாளாம். லாட்ஜ் இப்போது அவள் பொறுப்பு. அப்பா காலத்துப் பட்டன் மாதிரியே வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். ஷீபா என்னைக் கூட்டிப்போக ஆட்டோ அனுப்பிவிட்டாள்.

மாடி ஏறினேன். நாற்காலி புதுசு, இடம் அதே சுவர்ப்பக்கம். உட்காரும்போது கூச்சமாக இருந்தது, புதுப் பிள்ளைகள் எல்லாம் பார்க்கிறார்கள். கண்ணாடி வரியை எழுத உட்கார்ந்தால் நடுக்கோடு பிடிபடவில்லை. இரண்டு கலரும் முட்டாமல் கரைந்துகொண்டே போயின. ஒரு எண் தப்பு. எந்த எண் என்று எனக்குத் தெரியவில்லை. ஷீபாவுக்குப் பார்த்ததுமே தெரிந்திருக்கும். எட்டி மவுஸைப் பிடித்தால் ஒரு நொடி வேலை. பின்னால் நிற்கிறாள் என்று தெரியும், மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"யக்கா, வாசல்ல போய் நின்னு ஒருக்கா பாக்கீங்களா" என்றாள்.

நாற்காலியைச் சுழற்றித் திரும்பினேன். அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டியிருந்தாள்.